செனான் மாட்டிய வாத்தியார்

எசென் வாத்தியாருக்குக் கார் ஆசை வந்தது நாற்பத்தேழாவது வயதில். அதுவரை அவர் ஓட்டியதெல்லாம் ஓட்டுநர் பள்ளியின் வண்டிதான். கரகோல் நகரத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் சாலை விதி படித்தவர்கள். அவர் தெருவில் நடந்து போனால் எதிரே வருகிற வண்டிகள் தாமாகவே வேகம் குறையும்; உள்ளே இருப்பவர்கள் சீட் பெல்ட்டை அவசரமாக இழுத்து மாட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து இரண்டு கதவு செலிகா கார் ஒன்றை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினார். பழைய வண்டி. ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம்; இந்த ஊரிலோ வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும்.

அவர் மனைவி ரோசா கைத்துண்டோடு வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

"பின் சீட்டுல யாரு உக்கார்றது? பூனையா?"

"நம்ம ரெண்டு பேருதானடி இருக்கோம்."

"நான் இதுக்குள்ள ஏறுனா எறங்க கிரேன் கூப்பிடணும். நீயே ஓட்டு. அழகாத்தான் இருக்கு, உன் வயசுக்குத்தான் பொருந்தல."

அந்த செப்டம்பரில் அவருடைய பள்ளித் தோழர்கள் எல்லோரும் சோல்பொன்-அத்தாவில் ஏரிக்கரை விடுதி ஒன்றில் கூடுவதாக ஏற்பாடாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் மற்றவர்கள் யானை மாதிரி பெரிய வண்டிகளில் வந்து இறங்குவார்கள். எசென் பங்கு டாக்சியில் போய், கேட்டுக்கு முன்னாலேயே இறங்கி, நடந்து வந்ததுபோல உள்ளே நுழைவார். இந்த முறை அப்படியில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து, வாக்ஸ் பூசி, சக்கர மூடிகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். எல்லாம் பளபளத்தது. ஹெட்லைட் மட்டும் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவன் கண்போல மஞ்சளாக மங்கிக் கிடந்தது. ஓர் இரவு முழுக்க வீடியோ பார்த்துவிட்டு செனான் விளக்கு செட் ஒன்றை வரவழைத்தார்.

செட் வந்தது விருந்துக்கு முந்தின நாள். அதைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக் வீத்யாவின் பட்டறைக்குப் போனார். வீத்யா பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பினான்: இரண்டு பல்பு, பல்புக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்க சோப்புக்கட்டி அளவில் இரண்டு பேலஸ்ட் பெட்டி, ஒயர்க் கட்டு.

"வாத்தியாரே, வெளிச்சத்த அடக்குற லென்ஸ் எங்க?"

"லென்ஸ் இல்ல. இருக்கிற ஹெட்லைட் கிண்ணத்துலயே மாட்டு."

வீத்யா அவரை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு வேலையில் இறங்கினான். பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் பிடித்துச் செருகி, பேலஸ்ட்டை பம்பருக்குப் பின்னால் இறுக்கினான். ஸ்விட்சைப் போட்டதும் விளக்குகள் ஊதா நிறத்தில் ஒருமுறை துடித்து, மெல்ல வெளுத்து, நிலைத்து நின்றன. பட்டறையின் எதிர்ச்சுவரில் சாய்ந்து கிடந்த பழைய டயரின் வரிகளையெல்லாம் எண்ணிப் பார்க்கலாம் போலிருந்தது. எசென் சுவரருகே போய் அந்த வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்தார்.

"கோடு எங்க?" என்றான் வீத்யா. "பழைய லைட்டுல சுவத்துல ஒரு கோடு விழும்ல, கீழ வெளிச்சம், மேல இருட்டு? இது பாருங்க, கூரை வரைக்கும் ஏறுது. அந்தக் கிண்ணம் இந்த பல்புக்குச் செஞ்சதில்ல."

"தெரியும்டா."

"அதுவும் ஜப்பான் வண்டி. இடப்பக்கம் தூக்கி அடிக்கும். இங்க எதிர்ல வர்றவன் மூஞ்சி அங்கதான் இருக்கு."

"நான்தான்டா இத வருஷா வருஷம் போர்டுல படம் போட்டுச் சொல்லிக்குடுக்கிறேன்!"

"அப்ப சரி. ஒரு வாரம் விடுங்க, லென்ஸ் வாங்கிப் பிரிச்சு மாட்டித் தரேன்."

"நாளைக்கு மத்தியானம் நான் போகணும். பகல்ல போறேன், சீக்கிரம் திரும்பிடுவேன்."

வீத்யா தோளைக் குலுக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றினான்.

விருந்தில் நினைத்தது எதுவும் நினைத்தபடி நடக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கு எல்லோரையும் அழைத்துவந்து விளக்கைப் போட்டுக் காட்டினார். வெயிலில் அது ஒன்றும் தெரியவில்லை. ஒருவன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்து, "பல் டாக்டர் வாயத் திறக்கச் சொல்லி அடிப்பாரே, அந்த லைட்டு மாதிரி இருக்குடா எசென்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இன்னும் கொஞ்சம் இருட்டட்டும், அப்போது பார்ப்பார்கள் என்று உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் எல்லோரும் பாட ஆரம்பித்துவிட்டார்கள், விளக்கை யாரும் கேட்கவில்லை. சொல்லாமலே கிளம்பினார்.

வழியில் தியூப் ஊர் வரும்போது இருட்டிவிட்டது. சாலையின் இரு பக்கமும் பாப்ளர் மரங்கள். அவற்றின் வெள்ளைத் தண்டுகள் செனான் வெளிச்சத்தில் வரிசையாக எழுந்து எழுந்து வந்தன. இந்த அழகைக் காட்ட ஆளில்லையே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. எதிரே ஒரு சின்ன லாரி வந்தது. தூரத்திலேயே விளக்கை ஒருமுறை அணைத்துப் போட்டது, பிறகு மறுபடியும். என்ன சொல்கிறான் என்று அவருக்குத் தெரியும். வருடக்கணக்காக அவர் சொல்லிக்கொடுத்த சைகை அது. அவர் விளக்கு ஏற்கெனவே டிப்பில்தான் இருந்தது. அதற்குமேல் தணிக்க ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டுச் சின்ன விளக்கில் நாலு நொடி மெதுவாகப் போயிருக்கலாம். அவர் கை ஸ்விட்ச்சுக்குப் போகவில்லை.

லாரி கடந்துபோனது. கண்ணாடியில் பார்த்தார். சிவப்பு விளக்கு இரண்டும் சற்றுத் தூரம் நேராகப் போய், பிறகு ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சாய்ந்து, அப்படியே நின்றன.

எசென் பிரேக்கை அழுத்தினார். வண்டி ஓரத்தில் நின்றது, என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கதவுப் பிடியில் கை வைத்தார். அதற்குள் பின்னால் வந்த இன்னொரு வண்டி அங்கே நிற்பதும், ஓர் ஆள் இறங்கி ஓடுவதும் கண்ணாடியில் தெரிந்தது. ஆள் இருக்கிறது, பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டார். கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்து கியரில் வைத்தார்.

மறுநாள் காலையிலேயே வீத்யாவிடம் போய்ப் பழைய பல்புகளைத் திரும்ப மாட்டச் சொன்னார்.

"ஒரு நாள்தானே ஆச்சு? என்ன ஆச்சு?"

"ரோசாவுக்குப் பிடிக்கல."

வீத்யா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் சைகால் தாமதமாக வந்தாள். முன் பெஞ்சில் உட்கார்ந்து எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்கிற பெண். அன்று கண் வீங்கியிருந்தது.

"மன்னிச்சிக்கோங்க சார். ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேன். அப்பாவோட பால் வண்டி வாய்க்கால்ல எறங்கிடுச்சு. தோள்பட்டை எலும்பு முறிஞ்சிருக்கு."

வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. எங்கே, எப்போது என்று கேட்டார்கள். தியூப் பக்கம், சனிக்கிழமை சாயங்காலம் என்றாள். எதிரே வந்த காரின் வெளிச்சத்தில் கண் கூசி ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. இரண்டு தடவை விளக்கைப் போட்டுக் காட்டியும் அவன் தணிக்கவில்லை. அத்தனை கேனும் உருண்டு, சாயங்காலப் பாலெல்லாம் வாய்க்காலில்.

"ஊர் நாயெல்லாம் வரிசையா நின்னு குடிக்குது சார். எங்கப்பா அங்க படுத்துக்கிட்டு நாய எண்ணிக்கிட்டு இருந்திருக்காரு."

அழுகையோடு சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். பிறகு அந்தக் கார்க்காரனை ஆளுக்கொரு விதமாகத் திட்ட ஆரம்பித்தார்கள். பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், அந்த மாதிரி லைட் மாட்றவனுங்க மண்டையில என்னதான் இருக்கும்?" என்று கேட்டான்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். எசென் சாக்பீஸை வைத்துவிட்டு, இல்லாத ஸ்டியரிங் ஒன்றைப் பிடித்து, நாற்காலியில் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். "வழி விடுங்கடா, சூரியன் வருது!" என்றார். வகுப்பு வெடித்துச் சிரித்தது. சைகால்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருடத்தில் அவர் வகுப்பில் இவ்வளவு பெரிய சிரிப்பு எழுந்ததே இல்லை. அது அடங்கும்வரை அவர் அந்த இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்பாவுக்கு எலும்பு கூடும்வரை பால் வண்டியை ஓட்ட ஆள் வேண்டும், அண்ணனுக்கு ஆலை வேலை, ஆகவே தான் சீக்கிரம் லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்றாள் சைகால். எசென் தானாகவே முன்வந்து வகுப்பு முடிந்தபின் தினமும் அவளை வண்டியோட்ட அழைத்துப் போனார். காசு வாங்கவில்லை. "உங்கள மாதிரி யாரு சார் செய்வா?" என்றாள் அவள். அந்த வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாலை அவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது எதிரே பிரகாசமான விளக்கோடு ஒரு வண்டி வந்தது. அவள் கைகள் ஸ்டியரிங்கில் இறுகின.

"வெளிச்சத்தப் பாக்காத. சாலையோட வலது ஓரத்தப் பாரு. வேகத்தக் கொற."

அவள் அப்படியே செய்தாள். வண்டி கடந்துபோனதும் மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பாவும் உங்ககிட்ட படிச்சவருதான் சார், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. ஓரத்தப் பாத்துக்கிட்டேதான் போனாராம். அப்படியே ஓரத்துக்கே போயிட்டாரு."

எசெனுக்குக் காது மடல் வரை சுட்டது. இருட்டாக இருந்தது நல்லதாயிற்று.

இதற்கிடையில் ஊர் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டது. மிர்லான் என்று ஒருவன் இருந்தான். கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தவன். தாழ்வான வெள்ளை நிற வண்டி, பெரிய சத்தம், பளிச்சென்ற விளக்கு. கரகோலில் அப்படி வண்டி வைத்திருப்பவன் வேறு யார்? சைகாலின் அண்ணன் கூட்டாளிகளோடு போய் மிர்லானின் ஹெட்லைட் இரண்டையும் கம்பியால் உடைத்துவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்து மிர்லான், உடைந்த விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டுநர் பள்ளிக்கு வந்தான்.

"சார், இந்த ஊர்ல லைட்டப் பத்தித் தெரிஞ்சவரு நீங்க ஒருத்தருதான். இதப் பாருங்க. லென்ஸ் போட்டுருக்கேன், முறையா. தூக்கி அடிக்காம அட்ஜஸ்ட் பண்ணிருக்கேன். அன்னிக்கு நான் கடையிலதான் இருந்தேன்னு சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான். சைகாலோட அப்பா, பெரியவரு சாகின் என்னையும் அவரு பையனையும் வீட்டுக்கு வரச் சொல்லிருக்காரு, பேசித் தீத்துக்கலாம்னு. உங்களையும் கூப்பிட்டு வரச் சொன்னாரு. நீங்க சொன்னா கேப்பாராம்."

எசென் அந்த விளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் விட்ட கண்ணாடிக்குப் பின்னால் லென்ஸ் சுத்தமாக, நேராக இருந்தது. ஓரங்களில் பிசின் பூசியதுகூட அவ்வளவு கவனமாக. கட்டை விரலால் அதைத் தடவினார்.

"நல்லா மாட்டிருக்க."

"அத அங்க வந்து சொல்லுங்க சார், போதும்."

"பாக்கலாம்" என்றார் எசென். அந்த ஒரு சொல்லை வைத்து ஒரு வாரம் ஓட்டினார். தலைவலி என்றார், பரீட்சை என்றார். கடைசியில் சைகாலே வந்து, "அப்பா உங்களுக்காகத்தான் ஆடு அடிச்சிருக்காரு சார்" என்றாள். அதற்குமேல் சாக்கு இல்லை.

சாகின் வீட்டில் அவரை வாசலுக்கு நேரெதிரே, மரியாதைக்குரிய இடத்தில் உட்கார வைத்தார்கள். சைகால் கூஜாவிலிருந்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றி, துண்டு நீட்டினாள். விரிப்பைச் சுற்றி சாகின், அவர் மகன், மிர்லான். சாகினின் வலது கை மார்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. அறுபது தாண்டியவர், பேச்சு நிதானம். மாவுத் துண்டுகளின்மேல் கறி ஆவி பறக்க வந்தது. விருந்தாளிக்கென்று இருப்பதிலேயே நல்ல எலும்பை சாகின் இடக் கையால் தடுமாறி எடுத்து எசெனின் தட்டில் வைத்தார்.

"வாத்தியாரே, நான் ஒண்ணும் பாக்கல. காரோட நெறம்கூடத் தெரியாது. கண்ணு முழுக்க வெளிச்சம், அவ்வளவுதான். இவன் தன் லைட்டு இல்லங்கிறான். எம் பையன் இவன்தாங்கிறான். நீங்க விஷயம் தெரிஞ்சவரு, நடுவுல நின்னு சொல்லுங்க. இவன் செஞ்சிருந்தா மன்னிப்புக் கேக்கட்டும். செய்யலன்னா எம் பையன் கேக்கணும்."

மிர்லான் உடைந்த விளக்கை விரிப்பின் ஓரத்தில் வைத்தான். எல்லோரும் எசெனைப் பார்த்தார்கள். முறையாக மாட்டிய விளக்கு, இவன் இல்லை என்று சொல்லிவிட்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதில் பொய் ஒரு சொல்கூட இருக்காது. வரும் வழியெல்லாம் அவர் யோசித்து வைத்திருந்தது அதைத்தான்.

"இவன் இல்ல" என்றார்.

"நான் சொன்னேன்ல!" என்று மிர்லான் தொடையில் தட்டினான்.

"அப்ப எவன்?" என்றான் சைகாலின் அண்ணன்.

சைகால் கதவோரம் தேநீர்க் கிண்ணங்களோடு நின்றிருந்தாள். எசென் அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தார்.

"நான்தான். என் கார்தான். முந்தின நாள்தான் அந்த லைட்ட மாட்டுனேன். மறுநாளே கழட்டிட்டேன்."

அண்ணன் வாய் திறந்தான், சாகின் இடக் கையை உயர்த்தினார்.

"நான் ரெண்டு தடவ லைட்டு போட்டனே. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நான் வாய்க்கால்ல எறங்குனத?"

எசென் எலும்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். "கண்ணாடில பாத்தேன், அண்ணே. நின்னேன். பின்னாடி ஒருத்தர் எறங்கி வந்தாரு. நான் போயிட்டேன்."

மிர்லான் மெதுவாகச் சொன்னான்: "அன்னிக்கு என் லைட்ட வாங்கி வெரலால தடவிப் பாத்தீங்களே, சார். 'நல்லா மாட்டிருக்க'ன்னு பாராட்டுனீங்க." அவன் குரலில் கோபம்கூட இல்லை. வியப்புத்தான் இருந்தது.

கதவோரத்தில் கிண்ணங்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை கேட்டது. எசென் தலை நிமிர்ந்தபோது சைகால் அங்கே இல்லை.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காருங்க" என்றார் சாகின். "கறிய வச்சாச்சு. எங்க வீட்ல வச்ச கறிய யாரும் விட்டுட்டுப் போனதில்ல. சாப்பிட்டுப் போங்க."

எசென் சாப்பிட்டார். மற்ற மூன்று பேரும் சாப்பிட்டார்கள், யாரும் யாரையும் பார்க்காமல். கத்தி எலும்பில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வாய்க்கும் தேநீரை ஊற்றி ஊற்றி இறக்கினார். முடிந்ததும் சாகின் கைகளில் கட்டில்லாத ஒன்றை மட்டும் முகத்துக்கு உயர்த்திப் பிரார்த்தித்தார். மற்றவர்களும் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். சைகாலின் அண்ணன் மிர்லானிடம், "தப்பு பண்ணிட்டேன்டா" என்றான். எசெனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

செருப்பு மாட்டும்போது, சமையலறையில் இருந்ததால் எதுவும் கேட்காத சைகாலின் அம்மா ஓடிவந்து ஒரு பையை அவர் கையில் திணித்தாள். "வீட்டம்மாவுக்குக் கறி. என் பொண்ணுக்கு நீங்க செஞ்ச உபகாரத்துக்கு நாங்க என்ன பண்ணப் போறோம்?" அவர் மறுக்க வாயெடுத்தார். பிறகு தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ரோசா பையை மோந்து பார்த்தாள். "ஏ, நல்ல கறி! யாரு குடுத்தா?" அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், வீத்யாவிடம் அவள் பெயரைச் சொன்னதுவரை. அவள் பையை மேசையில் வைத்தாள். அவர் திட்டு விழும் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை.

"வகுப்புல நடிச்சுக் காட்டுனியா? அந்தப் பொண்ணு முன்னாடியா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். கறி இரவு முழுக்க மேசையிலேயே கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னார். எழுதிவைத்ததைப் படிப்பதுபோல வேகமாகச் சொல்லி முடித்தார். சிலர் தலை குனிந்தார்கள். பின்பெஞ்சில் யாருக்கோ அந்தச் சூரியன் ஞாபகம் வந்து சிரிப்பு பீறிட்டது, பக்கத்திலிருந்தவன் அவனை இடித்தான். முன் பெஞ்சு காலியாக இருந்தது. சைகால் வேறு ஆசிரியரின் வகுப்புக்கு மாறிவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

மிர்லானுக்குப் புது ஹெட்லைட் வாங்கிக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான், "இத நானே மாட்டிக்கிறேன், நீங்க தொட வேணாம்" என்றான். சாகினிடம் போய், கை சரியாகும்வரை பால் வண்டியைத் தான் ஓட்டுவதாகச் சொன்னார். வாசலிலேயே நின்று கேட்ட சாகின், "பக்கத்து வீட்டுப் பையன் ஓட்றான், வேணாம் வாத்தியாரே" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதன்பின் எசென் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் பதில் அதேதான். மூன்றாவது முறை தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டார்.

நவம்பரில் சைகால் பரீட்சையில் தேறினாள். பள்ளியின் எல்லா அறைகளுக்கும் சூடான போர்சோக் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள் என்று கேள்விப்பட்டார். அவர் அறைக்கு அவள் வரவில்லை. வேறொரு மாணவி தட்டோடு வந்தாள்.

"சைகால் குடுத்து விட்டா சார். எடுத்துக்கோங்க."

"அவ எங்க?"

"கீழ வண்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டா. சாயங்காலப் பால் எடுக்கப் போகணுமாம்."

எசென் ஒன்றை எடுத்துக்கொண்டு தட்டை மாணவர்கள் பக்கம் நகர்த்தினார். கீழே என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பும் சத்தம் கேட்டது. மாணவர்கள் ஜன்னலுக்கு ஓடிக் கையசைத்தார்கள். அவர் போகவில்லை. கையிலிருந்த பணியாரம் ஆறும்வரை அதைப் பிடித்தபடி கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.